உஷார்! ஓர் அறை, இரண்டு உடல் கடிகாரம்

வாழ்க்கைத் துணைக்கு நைட் ஷிஃப்ட், உங்களுக்குக் காலை வேலை. ஃபேரர் பார்க்கில் வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம். உங்கள் கதையும் இதுதானா? அப்படியென்றால் உஷார்! முதலில் எரிச்சல், அப்புறம் சண்டை, கடைசியில் ஸ்டியரிங் முன்னால் கண் சொக்கிப்போவது என்று படிப்படியாகப் போகிற விஷயம் இது.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு மையம் இருக்கிறது. அதுதான் உடல் கடிகாரத்தின் தலைமை நிலையம். பெரும்பாலானோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தினமும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். சிலர் இயல்பிலேயே விடியலில் விழிப்பார்கள். சிலருக்கு நள்ளிரவில்தான் சுறுசுறுப்பு. இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. தாலி கட்டியதும் இருவர் கடிகாரமும் ஒன்றாக ஓடத் தொடங்கிவிடாது.

அதோடு சிங்கப்பூரில் மூன்று பொறிகள் காத்திருக்கின்றன.

முதல் பொறி, சுவர்க் கடிகாரமே. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. சூரியக் கணக்குப்படி பார்த்தால் நாம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறோம். உச்சி வெயில் வருவது பகல் 1 மணிவாக்கில்! சென்னையில் ஆறு, ஆறரைக்கெல்லாம் விடிந்துவிடும். இங்கே ஏழாகும். ஆறரைக்கு எம்ஆர்டி பிடிக்கிறவர் இருட்டிலேயே கிளம்புகிறார். உடல் கடிகாரத்தைத் திருத்த வேண்டிய வெளிச்சம் கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது பொறி ஊர் ஃபோன். இந்தியா இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அம்மா சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, சாவகாசமாக ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு 12. ஒருவர் வீடியோ காலில் சிரிக்க, பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வைக்குள் பல்லைக் கடிக்கிறார்.

மூன்றாவது பொறி வெளிச்சம். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் முஸ்தபா கடைக்கு ஒரு நடை, வந்ததும் அறையின் டியூப்லைட். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கச் சாதாரண அறை வெளிச்சமே போதும்.

இப்படிப் போகிற தூக்கம் என்ன செய்யும்? தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூரில் மது அருந்தி வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு 80 மில்லிகிராம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே வரம்பைத் தாண்டுகிறீர்கள்! உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் அதை உறுதியும் செய்தது.

என்ன செய்யலாம்?

* பிறகு படுக்க வருகிறவர் பெரிய விளக்கைத் தொடவே கூடாது. தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு போதும். உடுப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.
* நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் திரும்புகிறவர் கறுப்புக் கண்ணாடி போடட்டும். அறைக்குக் கனமான திரை வேண்டும்.
* காலை வேலைக்குப் போகிறவர், விடிந்த பிறகு பத்து நிமிடமாவது வெளியில் நடக்கட்டும்.
* ஊர் ஃபோனை இங்கே இரவு எட்டரைக்கு மாற்றுங்கள். அங்கே மாலை 6தான்.
* தூங்கப்போவதற்கு முன் ஆறு மணி நேரத்துக்குக் காப்பி, டீ வேண்டாம்.
* தூக்கத்துக்காகச் சளி, அலர்ஜி மாத்திரைகளை விழுங்காதீர்கள். தூக்கக் கலக்கம் மறுநாளும் தொடரலாம்.
* தனித்தனிப் போர்வை, முடிந்தால் தனித்தனிக் கட்டில். அதில் வெட்கம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் ‘ஷிஃப்ட் அசதி’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது. இவை தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயின் அறிகுறிகள். தூங்குகிறவருக்கு அது பெரும்பாலும் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் பலதுறை மருந்தகத்துக்கு இருவருமே போங்கள். மருத்துவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியவர் குறட்டைச் சத்தத்தில் விழித்துக் கிடந்தவர்.