அருவிக்குப் பயப்பட வேண்டாம், மூக்கைப் பொத்துங்கள்

கார்த்திகை பிறக்கிறது. மாலை போட்ட சாமிகளின் வேன்கள் குற்றாலத்தில் குளியலை முடித்துக்கொண்டு, செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறும். மூளையைத் தாக்கும் அமீபாவுக்கு அஞ்சி, சபரிமலைக்கு வருகிறவர்கள் மூக்கில் தண்ணீர் ஏறாமல் குளிக்க வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை 2025இல் எச்சரித்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். பேரருவியில் நிற்கலாமா என்பதில் தொடங்கி, அமீபாவால் ஆட்டிசம் வருமா என்பது வரை கேட்கிறார்கள்.

அமீபா மூளைக்குள் எப்படிப் போகிறது?

குடித்தால் போகாது. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபாவுக்கு உள்ளே நுழைய ஒரே வாசல் மூக்கு. மூக்கின் உச்சியில் மணம் அறியும் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அதற்கு மேலே சல்லடை மாதிரி துளைகள் கொண்ட மெல்லிய எலும்பு, அதைத் தாண்டினால் மூளை. நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. அமீபாவும் அதே இழையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது.

வெதுவெதுப்பான குளங்களின் அடிச்சேற்றில் பாக்டீரியாவைத் தின்று வாழும் உயிர் இது. மனிதன் அதற்குத் தேவையே இல்லை. வழிதவறி வந்த இடத்தில் கிடைத்த திசுவைத் தின்கிறது. அதை எதிர்க்க நம் வெள்ளணுக்கள் திரண்டு வர, மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? பெரும்பாலும் குளித்த ஐந்தாறு நாளில் தலைவலி, காய்ச்சல், வாந்தி, அடுத்த ஐந்தாறு நாளில் மரணம். அமெரிக்காவில் 1962 முதல் 2024 வரை பதிவானவர்கள் 167 பேர், பிழைத்தவர்கள் 4 பேர்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நோயாளியின் தண்டுவட நீர், சாதாரண பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் இருப்பதுபோலவே இருக்கும். எடுத்த உடனே ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும். மாதிரியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் நகர்வது நின்றுவிடும்; பிறகு அதை வெள்ளணு என்று நினைத்துக் கடந்துபோக வாய்ப்பு அதிகம்.

உலகில் 97 சதவீதம் பேர் சாகும் நோயில், கேரளத்தில் கால்வாசிப் பேர்தானா?

கேரள அரசு அப்படித்தான் சொன்னது. ஆனால் அந்த 97, நெக்லேரியாவுக்கு மட்டுமான கணக்கு. கேரளத்தின் ‘அமீபிக் மூளைக்காய்ச்சல்’ பட்டியலில் அகாந்தமீபா போன்ற வேறு அமீபாக்களும் அடக்கம். அவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முற்றுபவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பெருமைப்படுவது சரியில்லை. பாராட்ட வேண்டியது வேறொன்று: மூளைக்காய்ச்சல் என்றாலே அமீபாவையும் தேட வேண்டும் என்று அங்கே பழக்கிவிட்டார்கள். 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் பிழைத்ததற்குக் காரணம், நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்ததுதான். கொடுத்த மருந்துகளில் ஒன்றான மில்டிஃபோசின், பீகாரில் காலா அசார் நோய்க்குக் கொடுத்துப் பழகியது.

தமிழ்நாட்டில் இல்லை என்கிறார்களே?

தேடிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பது வேறு, தேடாமலே சொல்வது வேறு. எத்தனை தண்டுவட நீர் மாதிரிகளில் அமீபாவைத் தேடினார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

குற்றாலத்தில் குளிக்கலாமா?

குளிக்கலாம். குளிர்ந்து ஓடும் நீர் இந்த அமீபாவுக்கு ஏற்ற இடமில்லை. முகத்தை நிமிர்த்தி அருவியை மூக்கில் வாங்காதீர்கள். வெயிலில் தேங்கிய குட்டையிலும் குளோரின் போடாத நீச்சல் குளத்திலும் முங்காதீர்கள்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?

தொற்றாது.

மூக்கைக் கழுவும் வழக்கம் உள்ளவர்கள்?

கொதிக்க வைத்து ஆற்றிய நீர் மட்டும்.

ஆட்டிசம் வருமா?

அதற்கு ஆதாரம் இல்லை.

பன்றி நாடாப்புழுவால் வரும் வலிப்பும் இதுதானா?

இல்லை. அது மலம் கலந்த உணவு, நீர் வழியே வயிற்றுக்குள் போகும் முட்டையால் வருவது, சைவர்களுக்கும் வரும்.

குளித்துவிட்டு வந்தபின் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால்?

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே, என்றைக்குக் குளித்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.