கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்: ஒரு பிடி கரி சொல்லித் தந்த பாடம்

போன வருஷம் நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி கப்போடு ஹாலுக்கு வந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுப் பவளத் தொட்டியில் இருந்த உயிர்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. முந்தின நாள் வரை பூ மாதிரி விரிந்திருந்தவை, ஒரே ராத்திரியில் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவுக்குக் குறுகிவிட்டன.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஐடி வேலையில் இருக்கிறேன். வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. குளிர்காலத்தில் இங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். அந்த இருட்டை மறக்க ஆளுக்கு ஒரு வழி. சிலர் கிரிக்கெட் கிளப், சிலர் தமிழ்ப் பள்ளி. எனக்கு 300 லிட்டர் கடல் நீர். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்!

நடந்தது என்ன?

சனிக்கிழமை மாலை, ஒரு நண்பருக்குக் கொடுப்பதற்காக லெதர் கோரல் என்கிற மென்பவளத்தில் ஒரு துண்டை, தொட்டிக்குள்ளேயே வைத்து வெட்டினேன். அதுதான் முதல் தப்பு. இந்த மென்பவளங்களுக்குக் கூடு கிடையாது, கடிக்கப் பல் கிடையாது. பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி வைக்க அவை ரசாயனத்தைத்தான் நம்புகின்றன. வெட்டுப்பட்டால் அது இன்னும் அதிகமாகத் தண்ணீரில் கலக்கும். கடலில் அலை அதை அடித்துக்கொண்டு போய்விடும். 300 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்?

அதைப் பிடித்து வைக்கத்தான் ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கிறது. என் தொட்டியிலும் ஒரு பை இருந்தது. ஆனால் நாலு மாசமாக மாற்றவில்லை. நிறைந்துபோன குப்பைத் தொட்டி மாதிரி அது சும்மா கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் திறக்காது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அலமாரியில் பிரிக்காத ஒரு லிட்டர் கார்பன் டப்பா இருந்தது. பதற்றத்தில் மொத்தத்தையும் பையில் கொட்டி, தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் பகுதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் பவளங்கள் மெல்ல விரிந்தன. செவ்வாய்க்கிழமை தண்ணீர் அவ்வளவு தெளிவு! “மீன் அந்தரத்துல மிதக்குற மாதிரி இருக்கு” என்றார் மனைவி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை வெள்ளிக்கிழமை வரைதான். மேல்தட்டில் இருந்த அக்ரோபோரா பவளத்தின் நிறம் மங்க ஆரம்பித்தது. அடுத்த வாரம் அது முழுக்க வெள்ளை. இரண்டு வருஷம் முன்னால் சுண்டுவிரல் அளவில் வாங்கி, என் ஏழு வயது மகள் பேர் வைத்து வளர்த்தது. “அப்பா, தண்ணிதான் சுத்தமாயிடுச்சே, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

கரி என்ன செய்கிறது?

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது, “ஏலே, அது நம்ம சிரட்டைக் கரிதானலே!” என்றார். பாதி சரி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இந்தக் கரியைச் செய்து உலகத்துக்கு அனுப்புவதில் தமிழ்நாடும் இலங்கையும் முக்கியமானவை. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் போனவர்கள் சிரட்டைக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல. சுட்டெடுத்த கரியை மறுபடி 800 டிகிரிக்கும் மேல் நீராவியில் வாட்டுவார்கள். அப்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு! கிட்டத்தட்ட கால் ஏக்கர். அந்தச் சுவர்களில் தண்ணீரில் கரைந்த கரிமப் பொருட்கள் போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ‘பரப்பு கவர்தல்’ என்று படித்தோமே, அதுதான். மணலும் கரியும் போட்ட பானை வடிகட்டியைப் பாட்டி வீட்டில் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் அது பிடிக்காது. அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றையும் கரி எடுக்காது. அதற்குப் பாக்டீரியாவும், தண்ணீர் மாற்றுவதும் வேண்டும். சிரட்டைக் கரியின் துளைகள் பெரும்பாலும் மிக நுண்ணியவை, சின்ன மூலக்கூறுகளுக்கு ஏற்றவை. நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளைப் பிடிப்பதில் நிலக்கரியிலிருந்து செய்த வகைகள் பொதுவாக மேல். ஊர்ப்பாசத்தில் நான் சிரட்டைக் கரியை மட்டுமே வாங்கிய காலமும் உண்டு!

தெளிவே எப்படி வினையாச்சு?

பாசியும் மீன் கழிவும் மக்கும்போது தண்ணீரில் ஒரு மஞ்சள் சாயம் சேரும். ‘கெல்ப்ஸ்டாஃப்’ என்று இதற்கு ஜெர்மன் மொழியில்தான் பெயர். மஞ்சள் பொருள் என்று அர்த்தம். கடலியல் அறிஞர் குர்ட் கல்லே வைத்த அந்தப் பெயரையே ஆங்கிலத்தில் எழுதும் விஞ்ஞானிகளும் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சாயம் நீல ஒளியைத்தான் அதிகமாக விழுங்கும். பவளத் தொட்டி விளக்கிலோ பெரும்பகுதி நீலம்தான்.

நாலு மாசமாக என் பவளங்கள் அந்த மஞ்சள் தண்ணீருக்குள், கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி வாழ்ந்து பழகியிருக்கின்றன. நான் இரண்டே நாளில் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டேன். விளக்கு அதேதான். ஆனால் பவளத்தைப் போய்ச் சேர்ந்த வெளிச்சம் அதே அல்ல. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. வெளிச்சம் திடீரென்று கூடினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அதுதான் வெளிறல்.

வெட்டின விஷமா, வெளிச்சமா, எது எவ்வளவு காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏற்கனவே வாடிப்போன உயிர் மேல் இரண்டாவது அடியாக இது விழுந்திருக்கலாம். ஆபீசில் ஒரே ரிலீசில் இரண்டு பெரிய மாற்றத்தைச் சேர்த்து அனுப்பாதே என்று ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். வீட்டில் அதையேதான் செய்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது

ஒன்று, அளவு. மூன்றே மேசைக்கரண்டி கரிதான் போடுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் மாற்றுகிறேன். நாலு மாசத்துக்கு ஒரு முறை மலைபோலக் கொட்டுவதைவிட, கொஞ்சமாக அடிக்கடி மாற்றுவது எவ்வளவோ மேல். நீண்ட நாள் மாற்றாமல் விட்டவர்கள் இன்னும் குறைவாகத் தொடங்குங்கள். விளக்கையும் சில நாள் குறைத்து வையுங்கள்.

இரண்டு, சோதனை. ஒரு வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் தானாகத் தெரியும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல ஏறும் மஞ்சள் தெரியாது.

மூன்று, கழுவுவது. சுத்திகரித்த தண்ணீரில் கரித்தூள் போகும் வரை அலசுங்கள். அமெரிக்காவின் டொலிடோ விலங்குக்காட்சி சாலையில் நடந்த ஆய்வு ஒன்று 2011ல் வெளியானது. தூள் அதிகம் உதிரும் லிக்னைட் கரி போட்ட தொட்டியில் சர்ஜன் மீன்களின் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் மோசமாக அரித்துப்போனது. கரி இல்லாத தொட்டி மீன்களுக்கு அது வரவில்லை. அதனால் கெட்டியான வகையை வாங்குங்கள். உருளைக் கருவியில் போடுபவர்கள், துகள்கள் ஒன்றோடொன்று உரசி மாவாகாத அளவுக்கு ஓட்டத்தைக் குறைத்து வையுங்கள்.

நான்கு, வெட்டுவதைத் தொட்டிக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். பட்டன் மாதிரி இருக்கும் பாலிதோவா வகையில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கக்கூடும். அது ஒட்டிய கல்லைக் கொதிக்கும் தண்ணீரில் போடவே கூடாது, பிரஷ் வைத்துத் தேய்க்கவும் கூடாது. 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷையரில் வீட்டுத் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. கரி தண்ணீரில் கலந்ததைத்தான் பிடிக்கும். நம் மூச்சில் போவதைப் பிடிக்காது. குளிருக்கு ஜன்னலை அடைத்த ஃபிளாட்டில் குழந்தைகளோடு இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அப்பா சொன்னது

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தூத்துக்குடிக் கரையில் அந்தக் குவியல்களைப் பார்த்தவர் அப்பா. “அப்போ அது எங்களுக்குக் கல்லுதான்லே, உசுருன்னு யாரும் சொல்லல” என்றார். இன்று இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யாரும் தொடக் கூடாது. ஆசையாக ஒரு துண்டைப் பெட்டியில் போட்டு ஊருக்கும் இங்கேயும் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

அவர்களுக்காவது யாரும் சொல்லவில்லை. எனக்கு அது உயிர் என்று தெரியும், கரியைப் பற்றியும் தெரியும். தெரிந்தும் நாலு மாசம் சும்மா இருந்தேன், பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடப் பார்த்தேன்.

மகளிடம் இப்போது பதில் இருக்கிறது. “தண்ணி சுத்தமானது தப்பில்லடா, அப்பா அவசரப்பட்டதுதான் தப்பு.” மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, கரியை அலசி அளந்து போடுவது இப்போது அவள் வேலை. காலெண்டரில் அவளே குறித்து வைத்திருக்கிறாள். நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை.