கத்தியை உள்ளே வைங்க, பெரியவரே!

ஏற்காட்டில் வீடு வாங்கியதும் நான் வைத்த முதல் கன்று மக்னோலியா. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், நம்ம செண்பகத்துக்கு நெருங்கிய சொந்தம்தான்! செண்பகத்தையே இப்போது தாவரவியல்காரர்கள் 'மக்னோலியா சம்பகா' என்கிறார்கள்.

என்னுடையது 'கிராண்டிஃப்ளோரா'. அமெரிக்காவின் தென்கிழக்கில் பிறந்த ஜாதி. இலை மேலே பளபள, அடியில் துருப்பிடித்த நிறம். வெள்ளைப் பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வாசனை கட்டிலுக்கே வரட்டுமே என்று படுக்கையறை ஜன்னலிலிருந்து நாலே அடியில் நட்டேன். புத்திசாலி!

இரண்டு வருஷத்தில் இடுப்பு உயரம். உச்சி இரண்டாகப் பிரிந்தது. தோட்டக்காரப் பெரியவர் கத்தியோடு வந்துவிட்டார்.

"உச்சியைக் கிள்ளி விட்டுடலாங்க சார். புதராட்டம் அடங்கிக் கிடக்கும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வருஷம் காப்பி எஸ்டேட்டில் இருந்தவர். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையில் செடி என்றாலே கவாத்துதான். காப்பிப் பழம் கைக்கு எட்ட வேண்டும், சரி. மக்னோலியா பூப்பது கிளை நுனியில். நுனியைக் கிள்ளினால் பூவையே கிள்ளின மாதிரி. பெரிய வெட்டுக்காயம் ஆறவும் நாளாகும்.

"அறுபது அடி போற மரங்க பெரியவரே."

ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப இடத்தைத்தானுங்க மாத்தோணும்!"

அதிலும் வம்பு. இதன் வேர் சதைப்பற்றானது, பட்டென்று ஒடியும். தள்ளிப்போட்டால் இன்னும் கஷ்டம். ஜூன் மழை பிடித்ததும் ஒரு மூட்டக் காலையில் அகலமாகத் தோண்டி, மண் உதிராமல் சாக்கில் கட்டித் தூக்கினோம். வீட்டுக்கு இருபத்தைந்து அடி தள்ளி, சில்வர் ஓக் நிழல் விழாத, தண்ணீர் தேங்காத சரிவில், பழைய ஆழத்துக்கே நட்டோம். ஆழம் கூடினால் வேர் மூச்சுத் திணறும். மேலே காய்ந்த சருகு. வெட்டு ஒன்றே ஒன்று: இரட்டை உச்சியில் மெலிந்ததை மட்டும், கணுவை ஒட்டி. அடிக்கிளைகளைத் தொடவில்லை, வேருக்கு அதுதான் குடை.

பாதி இலை பழுத்துக் கொட்டிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, இது ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா?" என்றாள் மனைவி.

தெரியாது. ஒட்டு என்றால் சில வருஷத்தில் பூக்கும். விதை என்றால் பத்து வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். எனக்கு இப்போது 64. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். விடையைச் சொல்லவில்லை.

போன வாரம் நுனியில் பழுப்பு ரோமத்தோடு ஒரு துளிர். பெரியவர்தான் முதலில் பார்த்தார். கத்தியைத் துடைத்து எரவாணத்தில் செருகிவிட்டு, என் மனைவியைக் கூப்பிடப் போனார்.