கணக்கில் வராத கல்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படியும். தேசிக்காய்ப் புளி விட்டால் அது நுரைத்துக் கரையும். நுரையில் இருப்பது காபனீரொட்சைட்டு. மாரி மழை மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட அந்த வாயுவைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. கீழே கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லை அரிக்கிறது. நீரைக் கொதிக்க வைத்தால் வினை பின்னோக்கி நடக்கும்: சுண்ணாம்பு கேத்தலில் தங்க, வாயு காற்றோடு சேரும். நிலமும் வளிமண்டலமும் காபனீரொட்சைட்டைக் கொடுத்து வாங்குவதைப் பற்றிப் பேசினால் எல்லோருடைய கண்ணும் மரத்தின் மேல்தான் போகிறது. குடாநாட்டில் கல்லையும் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை அளக்கப் பல நாடுகளில் கோபுரம் நடுகிறார்கள். பயிருக்கோ காட்டுக்கோ மேலே இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று காற்றின் வேகத்தை ஒலியால் அளக்கும். மற்றது வாயுவின் செறிவை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும். காற்று சுழிசுழியாகப் புரண்டுதான் நகர்கிறது. மேலெழும் சுழியில் காபனீரொட்சைட்டு குறைந்தும் இறங்கும் சுழியில் கூடியும் இருந்தால் நிலம் உறிஞ்சுகிறது. விநாடிக்குப் பத்து அளவீடு வீதம் அரைமணிக்கு 18,000. அத்தனையும் சேர்ந்து ஓர் எண். காற்று அசையாத இரவுகளில் வாயு தரையோடு தேங்கிவிடும், கருவிக்கு எட்டாது. அந்த இரவுகளைத் தள்ளிவிட்டு, வெப்பநிலையை வைத்து மாதிரிக் கணக்கால் இட்டு நிரப்புவார்கள். ஆண்டுத் தொகையில் ஒரு பங்கு ஊகம் என்பதை ஆய்வாளர்கள் ஒளிப்பதில்லை. செய்தி எழுதும் நாங்கள்தான் அந்தப் பந்தியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கடலுக்கு அப்பால், கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் கண்டற்காட்டில் இப்படி ஒரு கோபுரம் உண்டு. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, மொத்தத்தில் அக்காடு உறிஞ்சும் பக்கமே நிற்கிறது என்று கண்டது. வடகீழ்ப் பருவமழை, நீண்ட கோடை, உவர்நீர் என்று எங்கள் கடனீரேரிக் கரைகளின் சுபாவமே அங்கும். ஆனால் அங்கே காடு ஒரே சீராகப் பரந்து கிடக்கிறது.

கோபுரக்காரரிடம் ஒரு பழைய கைக்கணக்கு இருக்கிறது: கருவியின் உயரத்தைப் போல் நூறு மடங்கு தூரம், காற்று வரும் திசையில் நிலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூன்று மீற்றருக்கு முந்நூறு மீற்றர். குடாநாட்டின் உரும்பிராயிலோ கோண்டாவிலிலோ அதற்குள் வெங்காயத் தோட்டம், மரவள்ளி, வாழை, கிளுவை வேலி, ஒழுங்கை, வீடு, பனங்கூடல் எல்லாம் வந்துவிடும். சோழகம் வீசினால் ஒரு விடை, வாடை வீசினால் வேறொன்று.

அதற்கும் அடியில் கல். தென்கிழக்கு ஸ்பெயினில் சியரா டி காதோர் என்ற சுண்ணக்கல் மலையில், கோடையில் செடிகள் வாடிக் கிடக்கும்போதே பகலில் நிலத்திலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதைக் கோபுரம் காட்டியது. பாறை இடுக்குகளில் தேங்கிய வாயுவைக் காற்று உறிஞ்சி எடுத்ததே காரணம். செடியும் மண்ணுயிரும் மட்டுமே மூச்சுவிடுவதாக எண்ணி எழுதிய மாதிரிகளுக்கு இது பெரிய தலையிடி. அத்தகைய மாதிரிகளுக்கு ஓர் அடிப்படையாக, ஒளியை இலை எவ்வளவு வாங்குகிறது என்பதிலிருந்து விளைச்சலைக் கணிக்கும் முறையை ஆய்வாளர் ஜோன் மொன்டீத் 1972இல் எழுதினார். இன்று செய்மதிகள் பார்க்கும் பச்சையை வைத்து அதையே உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள். செய்மதிக்குக் கல் தெரியாது.

பசளையும் தெரியாது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்று மண்ணில் சிதைந்தால் அதிலிருந்து மட்டும் 37 கிலோ அளவு காபனீரொட்சைட்டு. மீதி நைதரசனை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக்கும்போது அமிலம் பிறக்கிறது. அதுவும் சுண்ணக்கல்லைக் கரைக்கும். மழைநீரில் கரைந்த காபனீரொட்சைட்டு கல்லைக் கரைத்தால் காற்றின் காபன் கொஞ்சம் நீருக்குள் அடைபடும். பசளை அமிலம் கரைத்தால் அந்த இலாபம் இல்லை, கல்லில் கிடந்த காபன் வெளியே கிளம்புகிறது. சுன்னாகத்துக் கிணறுகளின் நைத்திரேற்றைக் குடிநீர்ப் பிரச்சினையாகவே பேசி வந்திருக்கிறோம். குடாநாட்டில் கோபுரம் நடுவோர் பக்கத்துக் கிணற்றின் காரத்தன்மையையும் நைத்திரேற்றையும் மாதந்தோறும் எடுக்க வேண்டும், தோட்டக்காரரிடம் எத்தனை மூட்டை போட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் வேண்டும்.