அண்ணல் மறைந்த நாளும் ஆயிரம் பொற்கொல்லரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி 30ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை. கல்லாற்றில் உள்ள என் கடையில் காலை பதினொரு மணிக்குத் தராசை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். ஆண்டுதோறும் செய்வதுதான். இரண்டு நிமிடம் பேச்சு கிடையாது. மலைமேல் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அரைச்சாக்கு மிளகு கொண்டுவந்திருந்த சிறுமி ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, உங்க வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களா?"

காந்தி என்றேன். "அவரு செத்து ரொம்ப வருஷமாச்சே" என்றாள். உண்மைதானே! பள்ளியில் 'ரக்தசாட்சி தினம்' என்று மலையாளத்தில் எழுதிப் போட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தமிழில் தியாகிகள் தினம் என்கிறோம். இவ்வளவு காலம் கழித்து நின்று என்ன ஆகப்போகிறது என்ற அவளுடைய கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பிறகு பல நாள் யோசித்ததையும், நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் இம்மலரில் எழுதுகிறேன். நான் பட்டம் பெற்றவன் அல்லேன், மலைச்சரக்கு வியாபாரி. பிழை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நடந்தது நமக்குத் தெரியும். 1948 ஜனவரி 13 முதல் 18 வரை தில்லியில் மதக்கலவரம் ஓய வேண்டும் என்று காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். 20ஆம் தேதி அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. 30ஆம் தேதி மாலை ஐந்தேகால் மணி தாண்டி, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்துபோகும்போது சுடப்பட்டார். மறுநாள் யமுனைக் கரையில் தகனம். பதின்மூன்றாம் நாளான பிப்ரவரி 12 அன்று அலகாபாத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது. அதன் பங்குகள் நாட்டின் பல நீர்த்துறைகளுக்கும் போயின. மலையாள நாட்டில் பாரதப்புழையில் திருநாவாயாவில் கேளப்பன் அவர்கள் கரைத்தார். அந்த இடத்தில் சர்வோதய மேளா என்று ஆண்டுதோறும் கூடும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

நமக்கு மிக அருகில் நடந்தது கன்னியாகுமரியில். அன்று குமரி திருவிதாங்கூர் நாட்டுக்குள் இருந்தது. அதே பிப்ரவரி 12 அன்று கடலில் கரைக்கும் முன் மக்கள் வணங்குவதற்காகக் கலசத்தைக் கரையில் வைத்தார்கள். இதில் ஒரு செய்தி உண்டு. 1925இல் காந்தியடிகள் குமரிக்கு வந்தபோது, சீமைக்குப் போய்வந்தவர் என்பதால் அம்மன் சன்னதிக்குள் விடப்படவில்லை. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகு, 1937 ஜனவரியில் மறுபடி வந்து இந்நாட்டுக் கோயில்களைக் கண்டு மகிழ்ந்தார். கடைசியாக வந்தது சாம்பலாக.

நான் கல்லாற்றுக்கு வந்த புதிதில் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்ந்த ஒரு பெரியவர் கடைத் திண்ணையில் வந்து உட்காருவார். அந்தப் பதின்மூன்றாம் நாளில் லயத்து ஆண்கள் சிலர் மலையிலிருந்து இறங்கிவந்து இந்த ஆற்றில் மொட்டை போட்டு முழுகியதைச் சொல்லியிருக்கிறார். "எங்க அப்பனுக்குக்கூட நான் அப்பிடி முழுகலைங்க" என்பார். பொன்முடிக்கு ஏறும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடம் இது. இப்போது அந்தத் துறையில் சுற்றுலாக்காரர்கள் குளிக்கிறார்கள். அங்கே ஒரு நினைவுக்கல்லும் இல்லை. ஆற்றின் பெயரில் மட்டும்தான் கல்!

குமரியில் மண்டபம் இருக்கிறது. 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் தொடங்கி 1956இல் முடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 1இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நடுக்கோபுரம் 79 அடி. அவருடைய வயதைக் குறிக்கும் என்பார்கள். உண்மையில் அவருக்கு 78 நிறைந்து 79 நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 2 நடுப்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி கலசம் வைத்த பீடத்தின்மேல் விழும். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள்.

எனக்குப் பஞ்சாங்கக் கணக்கில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் மூன்றரை பாகையில் இருக்கும். குமரி வடக்கே எட்டு பாகை. ஆகவே உச்சிவேளையில் தலைக்கு மேலிருந்து பதினொன்றரை பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். சூரியன் திரும்பி வரும்போது மார்ச் 11, 12 தேதிகளிலும் அதே இடத்தில் நிற்கும். எனவே கணக்குப்படி அன்றும் ஒளி பீடத்தில் விழ வேண்டும். அக்டோபரில் நம் கடிகாரப்படி பன்னிரண்டு பத்துக்கு என்றால், மார்ச்சில் பன்னிரண்டரைக்கு. மார்ச் 12 என்பது 1930இல் தண்டி யாத்திரை புறப்பட்ட நாள். கட்டியவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, தற்செயல்தான். ஆனால் ஜனவரி 30 அன்று ஒளி அந்தப் பீடத்தை எட்டாது. சூரியன் அப்போது வெகு தெற்கே இருக்கும். சாம்பல் வைத்த இடத்துக்குப் பிறந்தநாளில் வெளிச்சம் வரும்படி ஏற்பாடு செய்தவர்கள் ஏதோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

இங்கே என் சமண மரபைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செத்தவருக்காக அழுவதை எங்கள் ஆசாரியர்கள் ஊக்குவித்ததில்லை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில், துக்கத்தையும் சோகத்தையும் புலம்பலையும் தன்னிடத்திலோ பிறரிடத்திலோ உண்டாக்குவது துன்பம் தரும் கர்மத்தை வரவழைக்கும் என்ற கருத்து வருகிறது. விருப்பமானது பிரிந்ததையே எண்ணி மருகுவதற்கு ஆர்த்த தியானம் என்று பெயர். பிண்டம் இடுவதும் எங்கள் கொள்கையில் இல்லை, உயிர் அடுத்த பிறவிக்கு உடனே போய்விடுகிறது என்பதால்.

அப்படியானால் நினைவே வேண்டாமா? அப்படியும் இல்லை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறை இருக்கிறது. அங்கே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். யார், எத்தனை நாள் நோன்பு என்பதோடு நின்றுவிடுகிறது. ஒப்பாரி இல்லை, புகழ்மாலையும் இல்லை.

தீபாவளியும் அப்படித்தான். எங்களுக்கு அது மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் அடைந்த நாள். ஞான ஒளி போய்விட்டதே, விளக்கொளியாவது ஏற்றுவோம் என்று அரசர்கள் முடிவு செய்ததாகச் சுவேதாம்பரரின் கல்பசூத்திரம் கூறும். எங்கள் திகம்பர மரபில் ஜினசேனர் கி.பி. 783இல் இயற்றிய ஹரிவம்ச புராணத்தில் இத்தீப விழா வருகிறது. 1948 ஜனவரி 30 இரவு நேரு அவர்கள் வானொலியில் ஒளி மறைந்துவிட்டது என்று தொடங்கி, உடனே அது தவறு என்று தம்மைத் தாமே திருத்திக்கொண்டு, அது சாதாரண ஒளி அன்று, இன்னும் நெடுங்காலம் தெரியும் என்ற பொருளில் பேசினார். கல்பசூத்திரத்தை அவர் எண்ணியிருக்க மாட்டார். இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது.

காந்தியடிகளும் இந்த நெறிக்கு அந்நியர் அல்லர். சீமையிலிருந்து 1891இல் பம்பாய் திரும்பியதும் அவர் சந்தித்த ராய்ச்சந்த் பாய், அதாவது ஸ்ரீமத் ராஜசந்திரர், ஒரு சமண முத்து வைர வியாபாரி. 1901இல் முப்பத்து மூன்று வயதில் மறைந்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் சமயக் குழப்பம் வந்தபோது காந்தி கேள்விகளை எழுதிக் கேட்டது இவரிடம்தான். கணக்குப் புத்தகத்தை மூடியதும் ஆன்ம விசாரத்துக்குப் போய்விடும் வியாபாரி என்று தம் வரலாற்றில் வியந்து எழுதியிருக்கிறார்.

துக்கம் எங்கே கெட்டுப்போகிறது என்பதற்குச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. பலரும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கண்ணகிக்குக் கல் எடுக்கச் சேரன் இமயம் போனான், கங்கையில் நீராட்டினான், வஞ்சி நீங்கி முப்பத்திரண்டு மாதம் ஆகிவிட்டது. இதெல்லாம் நமக்குப் பெருமை. பாண்டிய நாட்டில் என்ன நடந்தது? மழை இல்லை, நோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டான். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன்! இளங்கோவடிகள் அதற்கு ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லவில்லை. துறவி ஒருவர் அதை எழுதிவிட்டு எப்படி அமைதியாக இருந்தார் என்று எனக்கு நெடுநாள் குறை. சொல்லாமல் விட்டதுதான் சொன்னது என்று இப்போது நினைக்கிறேன்.

1948இலும் அதுவே நடக்கப் பார்த்தது. சுட்டவர் ஓர் இந்து என்று வானொலியில் சேர்த்தே சொன்னார்கள். அன்றைய கலவரச் சூழலில் அந்த ஒரு சொல் எத்தனை முஸ்லிம் குடும்பங்களைக் காப்பாற்றியதோ! ஆனால் சுட்ட நாதுராம் கோட்சே பிராமணர் என்று தெரிந்ததும் பூனா, சாங்லி, கோலாப்பூர் பக்கங்களில் பிராமணர் வீடுகள் எரிந்தன. அகிம்சைக்காகச் செத்தவருக்குத் தீவைத்து அஞ்சலி! 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி அம்மையாரைச் சுட்டவர்கள் இரண்டு காவலர்கள். அதற்காகத் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பதினான்கு பேரும் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்த ஒருவர், பத்து வருஷப் பழக்கம், சாமான் வாங்கிக்கொண்டே, "அண்ணாச்சி, நிங்ஙளுடெ ஆள்க்காரல்லே" என்றார். உங்கள் ஆட்கள்தானே என்று பொருள். நான் பதில் பேசாமல் எடை போட்டேன். அவரும் அடுத்த வாரம் வழக்கம்போல வந்தார். ஆனால் ஒவ்வொரு மே 21ஆம் தேதியும் எனக்கு ராஜீவ் காந்தி நினைவு வராது, அந்த ஸ்ரீபெரும்புதூர்த் திடலில் பூமாலையோடு நின்று செத்த ஏழைகள் நினைவும் வராது. இந்த ஒரு வாசகம்தான் வரும். மனசுக்குள் அவரை வைது தீர்ப்பேன்.

எங்கள் யசோதர காவியத்தில் ஓர் அரசன், உயிர்க்கொலை கூடாதென்று மாவினால் கோழி செய்து பலியிடுவான். மாக்கோழிதானே என்று விட்டுவிடவில்லை வினை. வெட்டும்போது மனம் கொன்றதல்லவா! தாயும் மகனும் மயிலும் நாயுமாகப் பிறந்து பிறவிதோறும் அல்லல்படுவார்கள். சிறுவயதில் பாட்டி சொன்ன கதை. ஐம்பது தாண்டி ஒரு பிரதிக்கிரமண நாளில் அதைப் படித்தபோது, மே மாதந்தோறும் என் கடையில் நான் வெட்டுகிற மாக்கோழி எது என்று புரிந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தார். இப்படி உங்கள்மேல் இத்தனை வருஷம் மனசில் வெறுப்பு வைத்திருந்தேன், மன்னிக்கணும் என்று கை கூப்பினேன். அவர் திகைத்துப்போனார். அப்படி ஒரு சொல் சொன்னதே அவருக்கு நினைவில்லை.

பின்னொரு நாள் அந்தச் சிறுமி கடைக்கு வந்தபோது இதையெல்லாம் சுருக்கி, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பூனாவில் வீடுகள் எரிந்ததைச் சொன்னபோது மிளகுச் சாக்கின் வாயைக் கட்டியபடியே கேட்டாள்: "அப்ப அந்தச் சுட்டவருக்காக யாருமே பரிஞ்சு பேசலையா தாத்தா?"

பேசினார்கள் என்றேன். காந்தியின் பிள்ளைகள் மணிலாலும் ராமதாஸும், எங்கள் தகப்பனாரைக் கொன்றவருக்குத் தூக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அரசு ஏற்கவில்லை. 1949 நவம்பர் 15இல் அம்பாலா சிறையில் தூக்கிலிட்டார்கள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் நிக்கலாமா?" என்றாள். மணி பதினொன்று இல்லை, ஜனவரியும் இல்லை. எழுந்து நின்றோம்.