சாவியும் காரும் பேசிக்கொள்வது எப்படி?

காரின் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் மோட்டார் சுழல்கிறது. எஞ்சினும் உறுமி எழுகிறது. ஆனால் இரண்டு நொடியில் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. முன்பலகையில் சாவி வடிவிலோ பூட்டு வடிவிலோ ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டினால், கார் உங்களைத் திருடன் என்று எண்ணிவிட்டது என்று பொருள்!

உலோகத்தை வெட்டி மாற்றுச் சாவி செய்வது எளிது. எனவே, 1986ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் காரில் சாவித் தண்டிலேயே ஒரு மின்தடையைப் பதித்தார்கள். அதற்கு 15 வகை மதிப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் அந்தக் காருக்குப் பொருந்தும். ஓம் விதி தெரிந்த திருடனுக்கு 15 ஒரு பெரிய எண்ணா, சொல்லுங்கள்!

பின்னர் வந்த சாவிகளின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு நுண்ணிய சில்லும், அதனுடன் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இந்தச் சில்லுக்குப் பேட்டரி கிடையாது. (கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தானுக்குத்தான் பேட்டரி.) அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலை உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சாவித் துளையைச் சுற்றி மற்றொரு கம்பிச் சுருள் வளையமாக அமைந்துள்ளது. அதில் நொடிக்குச் சுமார் 1,25,000 முறை அதிரும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் சாவியின் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்ட, சில்லு விழித்துக்கொள்கிறது. இரும்பு உள்ளகம் இல்லாத ஒரு மின்மாற்றி என்று இதைக் கருதலாம். சில சென்டிமீட்டர் விலகினாலே தொடர்பு அறுந்துவிடும்.

இனி உரையாடல். காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லும். சில்லு தன்னிடமுள்ள இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு விடை அனுப்பும். பெட்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடைகள் ஒத்தால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓட அனுமதி. ஒருவகைச் சில்லில் இரகசிய எண் 40 இரும இலக்கம் கொண்டது. அதாவது ஏறத்தாழ 1,10,000 கோடி வாய்ப்புகள். அதையும் 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணிப்பொறிகளின் துணையால் உடைத்துக் காட்டினார்கள் என்பது வேறு கதை.

சென்ற ஆண்டு என் காரே இவ்வாறு மக்கர் செய்தது. ஒரு பட்டறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். என் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது! வேறொரு மெக்கானிக், கையடக்கமான ஸ்கேனர் ஒன்றை எடுத்து வந்தார். ஸ்டியரிங்கின் கீழே 16 துளைகள் கொண்ட ஓர் இணைப்பான் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட அமைப்பு அது. ஸ்கேனரை அதில் செருகினார். திரையில் ‘பி 0513’ என்று தோன்றியது. ‘சாவி பொருந்தவில்லை’ என்பது அதன் பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் குறியீடு வயிற்றுவலி என்று நோயாளி சொல்வதைப் போன்றது. நோயின் பெயர் அன்று. குறை சாவியிலா, வளையச் சுருளிலா, கம்பியிலா? மெக்கானிக் ஸ்கேனரில் அடுத்த பக்கத்தைத் திறந்தார். எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன? இரண்டு. ஆகவே பெட்டியின் நினைவு அழியவில்லை. இப்போது துளையில் சாவி தெரிகிறதா? ‘ஆம்’, ‘இல்லை’ என்று திரை மாறி மாறிக் காட்டியது. சுருள் அறுந்திருந்தால் ‘இல்லை’ என்றே நின்றிருக்கும் அல்லவா?

“மாற்றுச் சாவி இருக்கா சார்?” என்றார். கொடுத்தேன். ஒரே திருப்பில் வண்டி ஓடியது.

அப்படியானால் முதல் சாவி கெட்டுவிட்டதா? அதுவும் இல்லை. வெளியூர் சென்ற என் மைத்துனர் தம் கார்ச் சாவியை என்னிடம் விட்டுச் சென்றிருந்தார். நான் அதை என் வளையத்திலேயே கோத்து வைத்திருந்தேன். துளையருகே இரண்டு சில்லுகளும் ஒரே நேரத்தில் விழித்து விடை சொல்ல, பெட்டிக்கு எதுவும் விளங்கவில்லை. மைத்துனர் சாவியைக் கழற்றியதும் என் பழைய சாவியே வேலை செய்தது. மெக்கானிக் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, நான்கு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். குறியீடு திரும்பி வரவில்லை.