நெல்லினம் ஒன்று உழவருக்கு உதவியதா? கண்டறியும் முறை

திருகோணமலை நகரின் லிங்கநகர்ச் சமையலறைகளில் வேகும் அரிசியில் பெரும்பகுதி ஆய்வு நிலையங்களில் உருவான நெல்லினங்களின் அரிசிதான். பத்தலகொடையில் 1952இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் பி.ஜி. இனங்களைத் தந்தது, அம்பலாந்தோட்டை நிலையம் ஏ.ரி. இனங்களைத் தந்தது. இந்த ஆய்வுகள் பொதுப்பணத்தில் நடப்பவை. அவற்றால் திருகோணமலை மாவட்டத்துக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முதல் வேலை, வயலுக்குப் போகுமுன் கேள்வியை எழுதிவைப்பது. ஏ.ரி. 354 உவரைத் தாங்கும் இனம். கொட்டியாரக் குடாவை ஒட்டி உவர் ஏறும் வயல்களுக்கு அது உதவியதா என்பது நல்ல கேள்வி. ‘ஆய்வு வெற்றியா’ என்பது கேள்வியே அல்ல.

அடுத்து ஆய்வின் தரம். எத்தனை கட்டுரை வெளிவந்தது என்று எண்ண வேண்டாம். பரிசோதனைப் பதிவேட்டைக் கேளுங்கள். புதிய இனத்தை எதனோடு ஒப்பிட்டார்கள்? உழவர் உண்மையில் விதைக்கும் இனத்தோடா, எல்லோரும் கைவிட்ட பழைய இனத்தோடா? ஒரே பாத்தியிலா, பல பாத்திகளில் குலுக்கல் முறையிலா? உவர் வயலிலேயே நட்டுப் பார்த்தார்களா? சிஜிஐஏஆர் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு அமைப்பு பொருத்தம், அறிவியல் நம்பகம், நேர்மை, பயன்தரும் வாய்ப்பு என நான்கையும் சேர்த்தே தரத்தைப் பார்க்கிறது. நம் மாவட்டத்தில் பொருத்தத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு யார் விதைக்கிறார்கள் என்று பாருங்கள். கமநல சேவை நிலையப் பதிவிலிருந்து குலுக்கலில் வயல்களைத் தேர்ந்தெடுங்கள். வீதியோர வயல்களை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். உழவர் சொல்லும் இனப்பெயரோடு ஒரு பிடி விதையும் வாங்குங்கள். கைமாறி வந்த விதையில் பெயரும் இனமும் பொருந்தாமல் போவதுண்டு; மரபணுச் சோதனை அதைக் காட்டிவிடும்.

விளைச்சலை நினைவிலிருந்து கேட்காமல் பயிர் வெட்டுச் சோதனையில் அளக்க வேண்டும். வரம்போரத்தை விட்டு, அளந்த கட்டத்தை அறுத்து, தூற்றி, நிறுத்து, எடையை 14 சதவீத ஈரப்பதத்துக்குச் சரிசெய்யுங்கள். மூடைக்கு மூடை எடை மாறுவதால் மூடைக் கணக்கு உதவாது.

எல்லாவற்றிலும் கடினம், அந்த இனம் வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அறிவதுதான். பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் தவறுகின்றன. முன்பும் பின்பும் மட்டும் பார்த்தால் திருகோணமலையில் நிச்சயம் ஏமாறுவோம். 2006இல் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டு, போர் மூண்டு, மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து விதைத்ததால் கூடிய நெல்லை விதையினத்தின் சாதனையாக எழுதுவது அநியாயம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை நவம்பரில் நீங்கியும், 2021/22 பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் சரிந்தது. அந்தப் போகத்தை அடிப்படையாக வைத்தால் பிறகு வந்த எதுவும் வெற்றியாகவே தெரியும். ஆகவே ஒரே வாய்க்காலில், ஒரே மண்ணில், அதே போகத்தில் புதிய இனம் விதைத்தவரையும் விதைக்காதவரையும் பக்கத்தில் வைத்து, இருவரிடமும் காலப்போக்கில் வந்த மாற்றத்தை ஒப்பிடுங்கள். தம்பலகாமம் போல ஒரே குளத்து நீரில் விளையும் பெருவெளி இதற்கு வாய்ப்பானது. அங்கும் தலைவாய்க்கால் வயலைக் கடைவாய்க்கால் வயலோடு ஒப்பிடக் கூடாது.

கூடிய நெல்லிலிருந்து விதை, உரம், மருந்து, இயந்திரக் கூலியைக் கழியுங்கள். மிச்சம் யார் கைக்குப் போனது? குத்தகை உயர்ந்து சொந்தக்காரரே எடுத்துக்கொண்டாரா? நாற்று நடும், களை பிடுங்கும் பெண்களுக்கு வேலை கூடியதா, குறைந்ததா? நகரத்தில் அரிசி விலை இறங்கியிருந்தால் அதுவும் பயன்தான்; அதைத் தனியே எழுதுங்கள்.

கண்டதை, உதவவில்லை என்ற முடிவானாலும், பெரும்போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தமிழிலும் சிங்களத்திலும் வாசியுங்கள். தரவு தந்த உழவர் விதை வாங்குமுன் அந்த முடிவு அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.